அணுகுண்டு வேண்டாத வீடு

“அணுகுண்டு நமக்கு வேணுமா, ஒழிக்கணுமா? வீட்டில உள்ளவங்க தனித்தனியா சொல்லணும், மாமா” என்றாள் கழுத்தில் அடையாள அட்டையோடு வந்திருந்த ஸ்மிதா.

“பாறசாலையில மத்தவங்க என்ன சொன்னாங்க, மக்களே?” ஞானையன் கேட்டார்.

“பாதிப் பேரு வேணும்னாங்க. மீதிப் பேரு, பக்கத்து வீட்டுக்காரன் என்ன சொன்னான்னு கேட்டாங்க.”

அவளை உட்காரச் சொல்லிவிட்டு ஞானையன் அடுக்களையில் இருந்த மனைவியிடம் ஓடினார்.

“எட்டி நேசம், கருத்துக் கணிப்புன்னு சொல்லுதா. நான் நம்பல்ல. காட்டாக்கடை மாப்பிள்ளை வீட்டுக்காரங்க நம்ம சுஜியைப் பத்தி விசாரிக்க விட்ட ஆளாக்கும்!”

“பெண்ணை விசாரிக்க வாறவ அணுகுண்டையா கேப்பா?”

“அடுத்த வீட்டு ஜோஷிக்க மகளை விசாரிக்க வந்தவன் பலாக்காய்க்கு வெல கேட்டான், மறந்துட்டியா? இந்தச் சம்பந்தமும் தட்டிப் போகப்பிடாது. சமாதானமான குடும்பம்னு தெரியணும். எல்லாரும் ஒழிக்கணும்னுதான் சொல்லணும்.”

வெளியே வந்து குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

“குண்டா? இந்த வீட்டில கிறிஸ்மஸுக்குப் பட்டாசு கூட வெடிச்சதில்ல, மக்களே.”

“பக்கத்து நாட்டுக்காரன் நம்ம மேல போட்டா?”

“பொறுப்போம்.”

“மறுபடியும் போட்டா?”

“ஜெபிப்போம்” என்றாள் நேசம்.

ஸ்மிதாவின் முகம் வாடியது. “வேற யாரும் உண்டா?”

சுஜி சாயாவோடு வந்தாள். ‘ஒழிக்கணும்னு சொல்லு’ என்று அப்பா கண்ணைக் காட்டினார்.

“ஒருத்தன் தெனமும் குண்டைக் காட்டி மெரட்டுதான். நம்ம குண்டை மட்டும் கடல்ல போட்டிரலாமா?” ஸ்மிதா கேட்டாள்.

“எதுக்கு? அவன் கீழ வைக்கட்டும், நானும் வைக்கேன். அதுவரைக்கும் எனக்க குண்டைத் தொடச்சு, அவன் கண்ணுல படுற மாதிரி முற்றத்தில வச்சிருப்பேன்” என்றாள் சுஜி.

“வெளையாட்டுக்குச் சொல்லுதா! அதை எழுதாதீங்க!” ஞானையன் பதறினார்.

ஸ்மிதா எழுதிவிட்டாள். சாயாவைக் கூடத் தொடாமல் எழுந்து படியிறங்கினாள். சம்பந்தம் போயிற்று என்று ஞானையன் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார்.

வாசல் வரை போன ஸ்மிதா, திரும்பி ஓடிவந்து சுஜியின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள்.

“நான் காட்டாக்கடை வீட்டுக்க மூத்த மருமவளாக்கும். எங்க வீட்டில மாமனாருட்ட மட்டும்தான் குண்டு இருக்கு. நீ சீக்கிரம் வந்து சேரு, மக்களே!”