வயர் இல்லாத ட்ரில்

“கரண்ட் இல்லாட்டி இது ஓடும்தானே?” என்று கேட்டார் லியனார்ட்.

“அதுக்குத்தானே அங்கிள் பேட்டரி,” என்று சிரித்தார் ஜீவன்.

கிள்ளானில் ஜீவன் ஹார்ட்வேர் கடை போட்டுப் பத்து வருஷம் ஆகிறது. வீட்டுக்கு வெளியே கொஞ்சம் வேலை இருக்கிறது, ட்ரில் வேண்டும் என்று அங்கிள் சொன்னதுமே கண்ணாடிப் பெட்டியின்மேல் மூன்றை எடுத்துவைத்துவிட்டார். வேலிக்கு இது போதும். கூரைத் தகரத்துக்கு இது. கெட்டி மரமென்றால் பெரியதுதான் சரி.

லியனார்ட் வேலியைப் பற்றியும் கேட்கவில்லை, மரத்தைப் பற்றியும் கேட்கவில்லை.

சின்னதைத் தூக்கிப் பார்த்தார். முப்பது வருஷம் போர்ட் கிள்ளானில் லோரி ஓட்டிய கைக்கு அது ஒரு கனமே இல்லை.

“பொம்பளைங்க ஒரு கையால பிடிக்க முடியுமா?”

“தாராளமா. ஒன்றரைக் கிலோகூட இல்லை. ஆன்டிக்கா?”

லியனார்ட் தலையாட்டினார்.

இருட்டில்? முன்னால் சின்ன விளக்கு இருக்கிறது. மழையில்? தூறல் தாங்கும், தண்ணீருக்குள் முக்கினால்தான் கெட்டுவிடும்.

ஒவ்வொரு பதிலுக்கும் அவர் முகம் இறுகிக்கொண்டே போனது. கடைசியாகக் கேட்டார்.

“பூட்டைத் துளைக்குமா?”

ஜீவன் நிமிர்ந்து பார்த்தார். “யாரு பூட்டு?”

“என் வீட்டு கிரில் கதவுப் பூட்டுதான் பாஸ். சாவி தொலைஞ்சுபோச்சு.”

ஜீவனுக்கு மூச்சு வந்தது. மேசை இழுப்பறையைக் கிளறி, சாவி இல்லாமல் கிடந்த பழைய பித்தளைப் பூட்டு ஒன்றை எடுத்தார். அதை இரும்புப் பிடியில் வைத்து இறுக்கினார். சின்ன ட்ரில்லில் இரும்பு துளைக்கும் பிட்டை மாட்டினார்.

“வேணாம் பாஸ்,” என்றார் லியனார்ட்.

“இருங்க அங்கிள், ட்ரை பண்ணிப் பார்ப்போம்லா.”

ட்ரில் கிறீச்சிட்டது. பித்தளைத் தூள் சுருள் சுருளாக உதிர்ந்தது. லியனார்ட் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார், பூட்டைப் பார்த்தார், மறுபடி கடிகாரத்தைப் பார்த்தார். உதடு அசைந்துகொண்டே இருந்தது. மாதாவே, மாதாவே.

பாதியில் பிட் சிக்கி நின்றது.

லியனார்ட் கண்ணை மூடிக்கொண்டார்.

ஜீவன் ஒரு சொட்டு எண்ணெய் விட்டு மறுபடி அழுத்தினார். உள்ளே ஏதோ நொறுங்கியது. கொக்கி துள்ளித் திறந்தது.

“பார்த்தீங்களா? நாலே நிமிஷம்! ஆன்டியே திறந்துருவாங்க.”

லியனார்ட் பக்கத்திலிருந்த பெயிண்ட் டின்மேல் உட்கார்ந்துவிட்டார்.

“நாப்பது நிமிஷம் இருந்துச்சு பாஸ்.”

பிறகு சொன்னார். மூன்று வருஷத்துக்கு முந்திய டிசம்பர். மாடியில்லாத வீடு, ஜன்னலுக்கெல்லாம் கம்பி, உள்ளே மனைவி கெர்ட்ரூட் தனியாக. வெள்ளம் முழங்காலுக்கு வந்தபோது கிரில் சாவி கைநழுவித் தண்ணீரோடு போய்விட்டது. தண்ணீர் அந்தப் பூட்டைத் தொடும்வரை நாற்பது நிமிஷம் அவள் ஃபோனில் பேசிக்கொண்டிருந்தாள். ஹைவேயில் லோரியோடு சிக்கிக்கொண்ட இவர், “இதோ வந்துருவாங்கடி, இதோ வந்துருவாங்க” என்று சொல்லிக்கொண்டே இருந்தார். யாரும் வந்துசேரவில்லை.

அந்த வெள்ளத்துக்கு இரண்டு மாதம் முன்புதான், பின்பக்கச் சுவரில் ஓர்க்கிட் பூத்தொட்டிக்குப் பலகை அடிக்கவேண்டும் என்று ஒரு கடையில் அவள் இப்படி ஒரு ட்ரில்லைக் கையில் எடுத்தாள்.

“நாலு ஓட்டை போட இது எதுக்கு?” என்று அவள் கையிலிருந்து வாங்கித் திரும்ப அடுக்கில் வைத்தவர் இவர்தான்.

ஜீவன் ட்ரில்லை மெல்லக் கீழே வைத்தார்.

வெள்ளத்துக்குப் பிறகான இந்த மூன்று வருஷத்தில் லியனார்ட் ஏறி இறங்காத கடை இல்லை. பந்திங், சுங்கை வே, எங்கும் இதே கேள்விகள்தாம். யாரும் பூட்டை எடுத்துத் துளைத்துப் பார்த்ததில்லை. வாயால் சொல்வதோடு சரி.

“இந்தச் சின்ன ட்ரில்லா? முடியாது அங்கிள்,” என்பார்கள் சிலர்.

அதைக் கேட்டுவிட்டு வீட்டுக்குப் போனால், அன்றைக்கு மட்டும் தூக்கம் வரும்.

இன்றைக்கும் அந்த ‘முடியாது’வைக் கேட்டுக்கொண்டு போகத்தான் வந்திருந்தார்.