கேப்டனை விட்டுடலாம்

மேல் டிவிஷனுக்கு ஏறிய சந்தோஷம் அந்தக் கால்பந்து கிளப்பில் ஒரு வாரம்கூட நிலைக்கவில்லை.

"கோல் போட ஒருத்தன் வந்தே ஆகணும். இல்லேன்னா ஏறின வேகத்துல இறங்கிடுவோம்" என்றார் கோச்.

"விரலுக்கேத்த வீக்கம்தான் வேணும். பணத்துக்கு எங்க போறது?" என்றார் தலைவர்.

"கேப்டனை விட்டுடலாம். அந்தச் சம்பளத்துல புது ஆளை எடுத்துடலாம்."

"நம்மளை மேல ஏத்தினதே அவர் தலையால அடிச்ச கோல்தானே?"

"ஆமா. ஆனா முழங்கால் போயிடுச்சு. மேல் டிவிஷனைத் தாங்காது."

"டாக்டர் சொன்னாரா?"

"டாக்டர் வேண்டாம். எனக்கே தெரியும்."

"அவர் மூஞ்சில என்னால முழிக்க முடியாது."

"நான் சொல்லிக்கிறேன். கோச்தான் சொல்லணும்."

கோச் செல்போனை எடுத்தார்.

"ஏங்க, சமைச்சிட்டீங்களா? வீட்டுக்கு வந்து சொல்லலாம்னுதான் இருந்தேன், மனசு கேக்கல. அடுத்த சீசன் டீம்ல நீங்க இல்ல."

மறுமுனையில் அடுப்பை அணைக்கும் சத்தம் கேட்டது.

"தினமும் தைலம் தேய்க்கிறவ நீ. உனக்குத் தெரியாதா?" என்றார் கணவர். "வர்றவனோட கால் சைஸ் கேளு. அடுத்த சீசனுக்குன்னு வாங்கின பூட்ஸ் பெட்டியோட இருக்கு. கிளப்புக்கு அந்தச் செலவாவது மிச்சமாகட்டும்."