செத்தவன் கோட்டு

“நட்சத்திரம் மின்னுதே. ஆபீசர்தானே நீ?”

நிக்காசியோவின் கோட்டு மார்பைத் துப்பாக்கி முனையால் தட்டினான் பால்தொமேரோ. ஸ்பெயின் உள்நாட்டுப் போரின்போது அரகோன் மலையின் மூடுபனியில் வழி தவறி, எதிரிகளின் பதுங்குகுழிக்குள்ளேயே வந்து விழுந்திருந்தான் நிக்காசியோ.

“இல்லீங்கய்யா. நான் வெறும் சிப்பாய். ஊர்ல பார்பர். செத்துப்போன லெப்டினன்ட்டோட கோட்ட, குளிர் தாங்காம எடுத்து மாட்டிக்கிட்டேன்.”

“இங்க அய்யா கொய்யா எல்லாம் கிடையாது. தோழர்னு சொல்லு. சிப்பாயா இருந்தா சாப்பாடு. ஆபீசரா இருந்தா தோட்டா.”

நிக்காசியோவின் படையில் நட்சத்திரத்தைக் கண்டால் கை தானாக நெற்றிக்குப் போக வேண்டும். இவர்களோ சல்யூட்டையே ஒழித்தவர்கள். கேப்டன் முதல் கொண்டைக்கடலை வரை எல்லாவற்றையும் கை தூக்கித்தான் தீர்மானிப்பார்கள். பாதி நாள் அதிலேயே போய்விடும்.

“பார்பர்னா ஷேவ் பண்ணிக் காட்டு” என்று தாடிக்கார யூசெபியோ ஒரு சவரக்கத்தியை நீட்டிவிட்டு முன்னால் வந்து உட்கார்ந்தான்.

ஊரில் கண்ணை மூடிக்கொண்டு சவரம் செய்த கைதான் அது. ஆனால் பின்மண்டையில் துப்பாக்கி அழுத்திக்கொண்டிருந்தால் எந்தக் கைதான் நடுங்காது? முதல் இழுப்பிலேயே யூசெபியோவின் கன்னத்தில் ரத்தம்.

“பார்பராம் பார்பர். கத்தியே பிடிக்கத் தெரியல. இவன் ஆபீசரேதான்” என்று கன்னத்தைப் பொத்திக்கொண்டு எழுந்தான் அவன்.

பால்தொமேரோ எல்லோரையும் மூலைக்குக் கூட்டிப்போய்க் குசுகுசுத்தான். அப்புறம் திரும்பி வந்து, “சரி தோழர்களே, ஓட்டெடுப்போம். சம்மதிக்கிறவங்க கை தூக்குங்க” என்றான்.

தூக்காத கை ஒன்றுகூட இல்லை. ரத்தம் வழிய வழிய யூசெபியோ இரண்டு கைகளையும் தூக்கினான்.

நிக்காசியோ அப்படியே மண்டியிட்டான். “நெசமாவே பார்பர்தான், தோழர். புள்ளகுட்டிக்காரன். விட்டுருங்க” என்று கதறினான்.

பால்தொமேரோ அவனைத் தோளைப் பிடித்துத் தூக்கி நிறுத்தினான். கோட்டில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டிவிட்டு, கையில் ஒரு வரைபடத்தைத் திணித்தான்.

“இதப் படிக்கத் தெரிஞ்ச எங்க ஆபீசருங்கள எல்லாம் போன மாசமே சுட்டுத் தீத்துட்டோம். இனிமே நீங்கதான் கேப்டன்.”