ஐந்தரை மணி முடிச்சு

“இன்னுமா அந்த முடிச்சு அவிழல?”

படகின் கடைசிப் பலகையில் பொத்தென்று உட்கார்ந்த தையல்காரி, மூச்சு வாங்கியபடியே கத்தினாள். காலையிலிருந்து மிஷின் மிதித்த கால்கள் மரத்துப்போயிருந்தன.

துறையில் கயிற்றுக்காரர் கம்பத்தின் முன் குனிந்து நின்றிருந்தார்.

“ஈரக் கயிறும்மா. இறுகிப் போச்சு.”

“ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம். கட்டினது நீங்கதானே?”

படகே சிரித்தது. அவர் கம்பத்தைச் சுற்றியிருந்த இரண்டு சுற்றையும் தளர்த்தி, கயிற்றைப் படகுக்குள் எறிந்தார்.

“தினமும் இதே கூத்துதான்,” என்றாள் பக்கத்திலிருந்த கூடைக்காரம்மா. “அஞ்சு நிமிஷமா தடவிக்கிட்டு இருக்காரு. நாங்க சொன்னா யாரு கேக்கறா? நீ நாலு எழுத்து படிச்சவ, எழுதிப் போடு.”

அக்கரையில் குழந்தைகள் காப்பகம் ஆறு மணிக்கு மூடிவிடும். இவளுடைய இரண்டு வயது மகளுக்குச் செருப்பு மாட்டி வாசலில் நிறுத்திவைத்திருப்பாள் ஆயா. ‘எனக்கும் வீடு வாசல் இருக்கும்மா’ என்பாள். அதைக் கேட்டுக் கேட்டு இவளுக்கு அலுத்துவிட்டது.

இறங்கியதும் துறையிலிருந்த புகார்ப் பெட்டியில் சீட்டு எழுதிப் போட்டாள்: ‘கயிறு அவிழ்க்கத் தெரியாதவரை வேறு வேலைக்கு மாற்றவும்.’

நாலு நாள் போயிற்று.

கடைசிச் சட்டைக்குக் காஜா எடுத்துவிட்டு அன்றும் விழுந்தடித்து ஓடிவந்தாள். படகு நடு ஆற்றில் போய்க்கொண்டிருந்தது.

கயிற்றுக்காரர் துடைப்பமும் கையுமாகப் படியைப் பெருக்கிக்கொண்டிருந்தார்.

“அடுத்தது ஆறேகாலுக்குத்தாம்மா.”

“ஐயோ, குழந்தை காத்துக்கிட்டிருக்குமே! தினமும் நிக்கிற படகு இன்னைக்கு மட்டும் எப்படிப் போச்சு?”

“இன்னைக்கு முடிச்சுக்குப் புது ஆளு போட்டிருக்காங்க. அஞ்சரை அடிச்சதும் ஒரே இழுப்புல அவிழ்த்துட்டான். யாரோ என்மேல புகார் எழுதிட்டாங்களாம்.”

அவள் அப்படியே ஈரப் படியில் உட்கார்ந்தாள்.

“ஒரே இழுப்புல வருமா? அப்புறம் நீங்க ஏன்...”

“எனக்கும் வரும்மா,” என்றார் அவர், துடைப்பத்தைத் தட்டியபடி. “ஆனா நீங்க ஓடி வர்றது தெருமுனையில தெரியற வரைக்கும் கை அவிழ்க்க மாட்டேங்குது.”