பைய வையும் அண்ணாச்சி

"சப் ஊஃபர்ல சின்னதாக் காட்டும் அண்ணாச்சி. கையில துட்டு கம்மி" என்றான் கொம்பையா. அவன் மனைவி பேச்சித்தாய் ஓரமாக நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள்.

ஜங்ஷனில் ஸ்பீக்கர் கடை வைத்திருந்த தர்மக்கனிக்குச் சின்னதை விற்றுப் பழக்கமில்லை. இருப்பதிலேயே பெரிய பெட்டியில் வயரைச் செருகினார்.

"சத்தத்தைப் பைய வையும். திம்திம்முன்னு கேட்டா இவளுக்கு ஆகாது."

"சும்மா கேளும்வே, நெஞ்சு அதிரும்!" என்று முழுக்கத் திருகினார்.

மேளச் சத்தத்தில் கடையே அதிர்ந்தது. பேச்சித்தாய் கொண்டை அவிழ, தலைவிரி கோலமாக எழுந்து ஆடினாள்.

"ஏலே! இசக்கியம்மன் வந்திருக்கேன். எம் புள்ளைகிட்டயே லாபம் பாக்கியா? பாதி விலைக்குக் குடுலே!"

தெய்வக்குத்தம் ஆகிவிடக் கூடாதே! தர்மக்கனி கன்னத்தில் போட்டுக்கொண்டு, பெரிய பெட்டியையே பாதி விலைக்குக் கொடுத்து, ஆட்டோவிலும் தானே ஏற்றிவிட்டார்.

அரை மணி நேரத்தில் போன் அடித்தது. பாளையங்கோட்டையில் டி.வி. கடை வைத்திருக்கும் அவருடைய மைத்துனன்.

"அத்தான், டி.வி. வாங்க வந்த பொம்பளைக்கு இங்கன சாமி வந்துட்டு. பாதி விலைக்குக் கேக்குது. குடுத்துரவா?"

தர்மக்கனி போனிலேயே கத்தினார்.

"ஏலே, வாசல்ல நிக்கிற ஆட்டோவுல பெரிய பெட்டி ஒண்ணு இருக்கான்னு முதல்ல பாரு!"