கம்பத்தருகே எத்தனை சென்டிமீட்டர்?

"கம்பத்துப் பக்கமே வராதீங்க, ஃபெர்கஸ். உங்களைப் பாத்தா பனி தானா ரெண்டு சென்டிமீட்டர் கூடிடும்."

சொல்லிவிட்டு நைரீ கம்பளிக் குல்லாயைக் காதுவரை இழுத்துக்கொண்டு வெளியே போனாள். ஃபெர்கஸ் கதவைச் சாத்தினான். சற்று ஓங்கித்தான் சாத்தினான்.

கோடையில் அணைக்கு எவ்வளவு தண்ணீர் இறங்கும் என்று கணக்கிட, குளிர்காலத்தில் மலைமேல் பனி அளப்பது இருவருக்கும் வேலை. ஒரே அலுவலகம், அடுத்தடுத்த மேசை, ஆறு வருடப் பகை. அவன் எண்பத்தேழைத் தொண்ணூறு என்று எழுதுகிற ஆள். போன வருடம் அப்படி எழுதியதற்கு மேலிடத்துக்குப் புகார் அனுப்பியவள் அவள். புகார் இரண்டு பக்கம்.

வெள்ளிக்கிழமை இருவரில் ஒருவரைப் பிரிவுத் தலைவராகத் தேர்ந்தெடுக்கிறார்கள். மற்றவருக்குத் தெற்குக் கோடியில் இன்வர்கார்கிலுக்கு மாற்றல். இருவரும் நேரில் வந்தால்தான் தேர்வு.

திங்கட்கிழமை அளக்க வந்தவர்களைப் பனி மடக்கிவிட்டது. பாதை மூடிவிட்டது. அவர்கள் தங்கிய குடிலில் அறை ஒன்று, அடுப்பு ஒன்று, கட்டில் இரண்டு.

இருநூறு அடி தள்ளி, பாதையின் கேட்டருகே அளவுக் கம்பம் நிற்கிறது. அதில் பனி முப்பது சென்டிமீட்டருக்குக் கீழே இறங்கினால்தான், பனி தள்ளும் வண்டி ஓட்டுகிற ராவிரி அவர்களைக் கூட்டிப்போக மேலே வருவார். தினமும் காலை எட்டு மணிக்கு ரேடியோவில் கேட்பார்.

செவ்வாய்க்கிழமை நைரீ அளந்து வந்து சொன்னாள்: "ஐம்பத்திரண்டு, ராவிரி."

"சரி தங்கச்சி. நாளைக்குப் பாப்போம். சண்டை போடாம இருங்க."

அன்று ஃபெர்கஸ் கஞ்சியைக் கருக்கினான். அவள் முகம் மாறாமல் சாப்பிட்டு முடித்தாள்.

"எப்படி இருக்கு?"

"முதல் ஆறு கரண்டி கரி. ஏழாவதுலதான் கஞ்சியே தட்டுப்பட்டுச்சு."

அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளும் சிரித்தாள். ஆறு வருடத்தில் அவள் பல்வரிசையை அவன் பார்த்தது அதுதான் முதல் தடவை.

இருந்த பிஸ்கட் பதினொன்று. ஆளுக்கு ஐந்து வைத்துவிட்டு, பதினொன்றாவதை அளவுகோல் வைத்து இரண்டாக வெட்டினாள்.

"உடைச்சுக் குடுத்தா ஆகாதா?"

"அப்புறம் பெரிய துண்டு யாருக்குன்னு சண்டை வரும்."

"அதான் தினமும் வருதே!"

செவ்வாய் ராத்திரி முழுக்க வடமேற்குக் காற்று வெதுவெதுப்பாக வீசி, விடியும்போது நின்றது. ஆனாலும் புதன்கிழமை காலை ரேடியோவில் அவள், "நாற்பத்தொன்பது" என்றாள். ஃபெர்கஸ் சந்தேகப்படவில்லை. அவன் விறகு பிளந்த இடத்தில், காற்று ஒதுக்கிய பனி இடுப்பளவு கிடந்தது.

வியாழக்கிழமை காலை எட்டு மணிக்கு இன்னும் பத்து நிமிடம். நைரீயின் இரண்டு கையிலும் மாவு.

"நான் போய்ப் பாத்துட்டு வரேன்" என்று ஃபெர்கஸ் அவளுடைய குறிப்புப் புத்தகத்தை எடுத்தான்.

"வேண்டாம்! நானே போறேன்!"

"இதுகூடவா எனக்குத் தெரியாது?"

கோபத்தோடு இறங்கிப் போனான். கம்பத்தைப் பார்த்தான். குனிந்து மறுபடியும் பார்த்தான்.

பதினேழு.

காற்றும் நின்றுபோன பிறகு, ஒரே நாளில் நாற்பத்தொன்பது எப்படிப் பதினேழாகும்? நேற்றே அவள் தப்பாக அளந்திருக்கிறாள்! பதவி கைக்கு வந்துவிட்டது. மேலிடத்துக்கு ஒரு வரி எழுதினால் போதும், இரண்டு பக்கம்கூட வேண்டாம்.

புத்தகத்தைப் புரட்டினான்.

செவ்வாய் 52. புதன் 23.

இருபத்துமூன்று! எழுதியது சரி. ரேடியோவில் சொன்னதுதான் பொய். அளவில் தப்பு என்றால் மன்னிப்பார்கள். பொய் என்றால் வேலையே போய்விடும்.

குடிலுக்குத் திரும்பிப் புத்தகத்தை அவள்முன் விரித்து வைத்தான்.

"நேத்து ராவிரிகிட்ட நாற்பத்தொன்பதுன்னு சொன்னீங்க."

அவள் கழுத்துவரை சிவந்தாள். "புத்தகத்துல பொய் எழுத எனக்குக் கை வரல."

"வாய் மட்டும் வந்துச்சா?"

"நேத்துதான் முதல் தடவை." மாவைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "இன்னைக்கும் சொல்றதாத்தான் இருந்தேன். கீழ போனா வெள்ளிக்கிழமை வந்துடும். ரெண்டு பேர்ல ஒருத்தர் போயாகணும். நானா இருந்தாலும் சரி, நீங்களா இருந்தாலும் சரி, அந்தப் பக்கத்து மேசை காலியாத்தானே கிடக்கும்?"

அவன் புத்தகத்தை மூடி அவள் பக்கம் தள்ளினான்.

ரேடியோ கரகரத்தது. "நைரீ, எவ்வளவு பனி?"

அவள் மாவுக் கையோடு பாய்ந்தாள். அதற்குள் ஃபெர்கஸ் எடுத்துவிட்டான்.

"ஐம்பத்தொண்ணு, ராவிரி. ராத்திரி மறுபடியும் கொட்டிடுச்சு."

நைரீ வாயைப் பிளந்தாள்.



"தம்பி," என்றார் ராவிரி, "நான் இப்பத்தான் வந்தேன், கம்பத்துல சாஞ்சுகிட்டுத்தான் பேசறேன். முந்தாநாள் ராத்திரி அந்தக் காத்து அடிச்சும் நாற்பத்தொன்பதான்னு, நேத்து மத்தியானமே வண்டியக் கீழ நிறுத்திட்டு நடந்து வந்தேன். ஜன்னல் வழியாப் பாத்தா ரெண்டு பேரும் சிரிச்சுகிட்டிருந்தீங்க, சத்தம் போடாம திரும்பிட்டேன். இன்னைக்கு என்ன சொல்றீங்க, கூட்டிட்டுப் போகவா, இல்ல சனிக்கிழமை வரவா?"