ஆடாத சுரம்

கையுறையை மாட்டும்போது அவள் கட்டைவிரலைத்தான் பார்த்தாள்.

அப்பாவுக்கு நடுக்கம் அங்கேதான் ஆரம்பித்தது. முதலில் வலது கட்டைவிரல். பிறகு கை. பிறகு கரண்டி பிடிக்கவே இன்னொருவர் வேண்டியிருந்தது.

பிள்ளைகளுக்கும் வரலாம் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். அன்றிலிருந்து அவளும் தம்பியும் அதைப் பற்றிப் பேசியதில்லை.

கையுறை முழுக்க மெல்லிய கம்பிகள். கை அசைந்தால் கணினி பாடும். உயர்ந்தால் சுரம் ஏறும், தாழ்ந்தால் இறங்கும். ஒலியைக் கூட்டுவதும் குறைப்பதும் மட்டும் தம்பியின் வேலை. மேடை ஓரத்தில் மடிக்கணினியும் ஒலியைத் திருகும் குமிழ்ப் பெட்டியுமாக உட்கார்ந்திருப்பான்.

"கடைசிச் சுரத்துல மட்டும் ஆடாம நில்லுக்கா. பொறந்ததுலேருந்து நீ சும்மா இருந்ததே இல்ல. இன்னிக்கு ஒரு நாள் இருந்து காட்டு."

வழக்கமாக இதற்கு ஒரு குட்டு விழும். இன்று அவன் முன்னால் கையை நீட்டவே அவளுக்குப் பயமாக இருந்தது.

விளக்குகள் அணைந்தன.

வேகமான இடங்களில் கவலையில்லை. வீசுகிற கையில் நடுக்கம் தெரியாது.

கடைசிச் சுரம். கையை நெற்றிக்கு மேல் உயர்த்தி நிறுத்தினாள். சுரம் நேர்கோடாக நீண்டது. தம்பி அதை மெல்ல மெல்லத் தேய்த்து மௌனமாக்க வேண்டும்.

சுரம் நடுங்கியது.

தனக்கும் வந்துவிட்டது. இத்தனை பேருக்கு முன்னால், இவ்வளவு பெரிய ஒலிபெருக்கிகளில்.

முன்வரிசையில் ஒருவர் கண்ணை மூடி ரசித்துக்கொண்டிருந்தார்.

அவள் அண்ணாந்து கட்டைவிரலைப் பார்த்தாள். அறைந்த ஆணிபோல் நின்றது.

மறுபடி கேட்டாள். சுரம் ஏறவுமில்லை, இறங்கவுமில்லை. ஒலிதான் கூடிக் கூடிக் குறைந்தது.

தம்பி பக்கம் திரும்பினாள்.

குமிழின் மேல் அவன் வலக்கை. அதன் மணிக்கட்டை இடக்கையால் இறுக்கிப் பிடித்திருந்தான். பார்வை திரையை விட்டு நகரவில்லை.

அரங்கத்தின் ஒலிக்காரர், பெட்டியில்தான் ஏதோ கோளாறு என்று நினைத்து, அவனை நோக்கி நடக்கத் தொடங்கியிருந்தார்.

அவள் தன் கட்டைவிரலை ஆட்டினாள். முதலில் மெதுவாக. பிறகு எல்லோரும் அவளை மட்டுமே பார்க்கும்வரை.